சிரிப்புப் பாட்டுக்கு அழுத இரவு

மெல்பேர்ண் நகரின் தென்கிழக்குப் புறத்தே, டன்டினோங் பக்கமாக உள்ள ஒரு பாடசாலை மண்டபம். குளிர்காலச் சனிக்கிழமை மாலை. நுழைவுச் சீட்டில் ஆறரை மணி என்று அச்சிட்டிருந்தார்கள். எமது விழாக்களின் வழமைப்படி ஏழே முக்கால் மணி வரை மேடையில் 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ரிங்' என்பதைத் தவிர வேறு எந்த நாதமும் எழவில்லை. பின்புறத்தில் சிற்றுண்டி விற்பனை மாத்திரம் குறித்த நேரத்தில் ஆரம்பமாகியிருந்தது. ரோல்ஸ், வடை, 'மிதிவெடி' என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். முட்டையும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிய அந்தப் பெரிய ரோல்ஸுக்கு யாழ்ப்பாணத்தார் இட்ட பெயர் அது என்பதை இங்கே பிறந்த எமது மகளுக்கு விளக்கிச் சொல்லவேண்டியிருந்தது. 'சாப்பாட்டுக்கு ஏன் அப்பா இப்படிப் பெயர் வைத்தார்கள்?' என்று கேட்டாள். எம்மிடம் தகுந்த பதில் இருக்கவில்லை.

எட்டு மணியளவில் திரை விலகியது. கீபோர்ட்டில் அமர்ந்திருந்தவர் வார நாட்களில் கணக்காளர். டிரம்ஸ் வாசித்தவர் ரயில் சாரதி. பாடகர்களுள் ஒருவர் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்பவர். பொங்கோவை மடியில் வைத்திருந்தவர் ஓய்வு பெற்ற பொறியியலாளர். விநாயகர் துதி முடிந்தது. எம்.எஸ்.விஸ்வநாதனின் பாடல்கள் இரண்டும், இளையராஜாவின் பாடல்கள் மூன்றும் ஒலித்தன. சபையோர் மரியாதையாகக் கைதட்டினார்கள். சிலர் குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அமர்ந்திருந்தார்கள்.

பின்னர் பொங்கோக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறுக்கு எட்டு என்ற அந்தத் துள்ளல் தாளத்தை நான்கு சுற்று தனியாக வாசித்தார். பாடகர் 'சின்ன மாமியே' என்று எடுத்தார். அவ்வளவுதான்! மண்டபத்தின் நடுவிலிருந்த கதிரைகள் எப்படி ஓரத்திற்குப் போயின என்று எமக்குத் தெரியாது. அறுபது வயதைக் கடந்த கனவான்கள் குளிர்ச் சட்டைகளை மனைவிமாரிடம் ஒப்படைத்துவிட்டு ஆடத் தொடங்கினார்கள். சென்ற ஆண்டு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட எமது அயலவர், மருத்துவரின் புத்திமதிகள் யாவற்றையும் மறந்து, கைகளை உயர்த்திச் சுழன்றுகொண்டிருந்தார். அவருடைய துணைவியார் முதலில் முறைத்தார். பின்னர் தாமும் சேர்ந்துகொண்டார்.

நாம் ஆடவில்லை. எமக்குப் பக்கத்தில் இருந்த பெரியவரும் ஆடவில்லை. அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. எமது கண்களும் அவ்வாறே என்பதை மகள் கண்டுபிடித்துவிட்டாள். 'அப்பா, இது பகிடிப் பாட்டுத்தானே? இதற்கு ஏன் அழுகிறீர்கள்?' என்று கேட்டாள். அன்றிரவு அவள் கேட்ட இரண்டாவது கேள்வி அது. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

தாளம் வந்த வழி

இந்தத் துள்ளல் தாளம் எமது மண்ணிற்குக் கடல் கடந்து வந்தது. போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்தனர். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் அவர்கள் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் அவர்களை அகற்றினர். கோட்டை கைமாறிய போதிலும் பாட்டு கைமாறவில்லை. போர்த்துக்கேய மொழியில் ஆடுதல் என்று பொருள்படும் சொல்லிலிருந்தே 'பைலா' என்ற பெயர் பிறந்தது. மட்டக்களப்பின் பறங்கியர் சமூகம் அந்த ஆட்டத்தையும் பாட்டையும் தலைமுறை தலைமுறையாகத் தமது கலியாண வீடுகளில் காத்து வந்தது. கடந்த நூற்றாண்டில் வொலி பஸ்தியன் போன்றவர்கள் அதைச் சிங்களத்தில் பாடி நாடெங்கும் பரப்பினார்கள்.

அந்தத் தாளத்திலே எமது யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை ஏற்றிப் பாடியவர்களுள் முன்னோடியாகப் போற்றப்படுபவர் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அவர்கள். மாமியிடம் மகளை விசாரிக்கும் இளைஞனின் குறும்பும், 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்னும் நல்லுபதேசமும் அவர் குரலில் பாட்டாயின. அதுவரை மேடைத் தமிழ் வேறு, முற்றத்துத் தமிழ் வேறு என்றிருந்தோம். திரைப்படத்தில் காதலன் பேசிய தமிழ் எமது ஒழுங்கையில் எவரும் பேசாத தமிழ். ஒழுங்கைத் தமிழே ஒலிபெருக்கியில் வந்தபோது எமது அண்ணன்மார் அடைந்த பரவசத்தை இன்றைய பிள்ளைகள் விளங்கிக்கொள்வது கடினம். பெரியவர்கள் 'இதுவும் ஒரு பாட்டா?' என்று முகம் சுளித்தார்கள். அவர்கள் சுளிக்கச் சுளிக்கப் பாட்டு வளர்ந்தது. அந்தப் பாடலைத் தந்தவர் பிற்காலத்தில் குடியேறிய நகரமும் இதே மெல்பேர்ண்தான். எம்மைப் போலவே அந்தப் பாட்டும் உரும்பிராயிலிருந்து டன்டினோங் வரை நடந்து வந்திருக்கிறது.

அவரோடு இணைத்து நினைக்கவேண்டிய மற்றொருவர் 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்று இரசிகர்கள் பட்டம் சூட்டிய ஏ.ஈ.மனோகரன் அவர்கள். 'சுராங்கனி' என்ற பாடலை இலங்கைத் தீவில் அறியாதவர் இல்லை. பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகத்துக் கல்லூரி விழாக்களையும் அது ஆட வைத்தது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி எடுக்கப்பட்ட 'வாடைக்காற்று' திரைப்படத்திலும் அவர் நடித்தார். 2018ஆம் ஆண்டு ஜனவரி 22ஆந் திகதி சென்னையில் அவர் காலமான செய்தி வந்தபோது, மெல்பேர்ணிலும் சிட்னியிலும் எத்தனையோ வீடுகளில் அன்றிரவு பழைய கசெற்றுகள் தேடி எடுக்கப்பட்டன. திருகோணமலையிலிருந்து எம்.பி.பரமேஷ் கிட்டாரோடு வந்தார். இன்னும் பலர் வந்தார்கள். 1970களில் வெளிநாட்டுப் பொருட்களின் இறக்குமதிக்குக் கடுங் கட்டுப்பாடு இருந்தது. உள்ளூரில் விளைந்ததை உண்ணவும் உள்ளூரில் பிறந்ததைக் கேட்கவும் சனங்கள் பழகிக்கொண்ட காலம் அது.

இவை யாவற்றையும் எமது வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது இலங்கை வானொலி. 'பொங்கும் பூம்புனல்' ஒலித்தால் பாடசாலைக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். இராஜேஸ்வரி சண்முகத்தின் குரலும், கே.எஸ்.ராஜாவின் குரலும், பி.எச்.அப்துல் ஹமீதின் குரலும் எமது உறவினரின் குரல்களைப் போன்றவை. அவர்களது முகத்தை நாம் பார்த்ததில்லை. இருந்தும் தெருவில் குரலைக் கேட்டால் திரும்பிப் பார்த்திருப்போம்.

திருவிழா இரவுகள்

இக்காலத்தில் இளைஞர்கள் நூறு டொலருக்கு மேல் கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்கி, திறந்தவெளியில் மூன்று நாட்கள் கூடாரமடித்து இசை விழாக்களுக்குப் போகிறார்கள். எமது காலத்தில் அந்த இசை விழா கோயில் வீதியிலேயே நடந்தது. சீட்டும் இல்லை, கூடாரமும் இல்லை. ஓலைப்பாய் ஒன்றும், கச்சான் கடலைச் சுருள் ஒன்றும் இருந்தாற் போதும்.

திருவிழாவென்றால் முதலில் தவிலும் நாதஸ்வரமும். இணுவிலும் அளவெட்டியும் எமக்கு ஊர்ப் பெயர்கள் மாத்திரமல்ல. அவை வாத்தியப் பரம்பரைகளின் பெயர்கள். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டவர்கள் தமிழகத்து வித்துவான்களையே வியக்கவைத்த கை அது என்று இன்றும் சொல்வார்கள். அந்த மேதை 1975இல் மறைந்தார். அடுத்து சின்னமணியின் வில்லிசை. அதன் பின், நடுச்சாமம் கடந்தபின், 'கோஷ்டி'. இசைவாணர் கண்ணனின் குழு வருகிறதென்றால் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் சனம் வந்து சேரும். பாயில் தூங்கும் பிள்ளைகளைக் 'கோஷ்டி தொடங்கிவிட்டது' என்று சொல்லி எழுப்பிவிடும் பொறுப்பு அம்மாமாருடையது.

எமக்கு முதன்முதலாக மீசை அரும்பியதும், எதிர்ப்புறத்துப் பெண்கள் வரிசையில் ஒரு முகத்தை விடியும்வரை பார்த்திருந்ததும் அந்த வீதியில்தான். கோஷ்டி துள்ளிசையைத் தொடங்கும்போது பெரியவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். இளைஞர்களின் ஆட்சி விடியும்வரை நடக்கும். அதற்குப் பெயர் சுதந்திரம் என்று அப்போது எமக்குத் தெரியாது.

1981 மே முடிந்து ஜூன் பிறந்த இரவில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலை வந்தது. அதன்பின் இரவு என்பது திருவிழாவுக்கு உரியதாக இருக்கவில்லை. ஊரடங்குச் சட்டம் இரவைப் பறித்துக்கொண்டது. நடுச்சாமத்தில் தொடங்கிய கோஷ்டிகள் மாலை நான்கு மணிக்குத் தொடங்கி இருட்டுமுன் முடிந்தன. பின்னர் அவையும் குறைந்தன. கோஷ்டியில் கிட்டார் வாசித்தவர் ஜேர்மனிக்குப் போனார். பாடியவர் கனடாவுக்குப் போனார். பொங்கோ வாசித்தவர் எங்கே போனார் என்று இன்றுவரை தெரியாத ஊர்களும் உண்டு.

பாட்டுக்கு மிதித்த காலம்

1990ஆம் ஆண்டு ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போயிற்று. பற்றரி தடை செய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. மண்ணெண்ணெய் மருந்தைப்போல அளந்து பாவிக்கப்பட்டது. அக்காலத்தில் எமக்கு இருபது வயது. இருபது வயதில் பாட்டுக் கேளாமல் இருக்க முடியுமா?

வழி கண்டுபிடித்தார்கள் எமது பெடியன்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவது. பின் சில்லில் டைனமோவைச் சாய்ப்பது. அது தரும் ஆறு வோல்ட் மின்சாரத்தை ஒரு டயோட்டினூடாக வானொலிப் பெட்டிக்குள் செலுத்துவது. ஒருவர் கையால் மிதியைச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். சுற்றுபவர் களைத்தால் மின்சாரம் குறையும், மின்சாரம் குறைந்தால் கசெற் மெதுவாகச் சுழலும், எஸ்.பி.பாலசுப்பிரமணியம் திடீரென்று கிழவராகிவிடுவார். 'டேய், கையை மாத்தடா!' என்று எல்லோரும் கத்துவோம். புதிய கை பிடித்ததும் உற்சாக மிகுதியில் வேகம் கூடும், பாடகர் சிறுபிள்ளையாகிவிடுவார். எமது இருபதுகளின் பாடல்கள் எவையும் ஒரே சுருதியில் எமது நினைவில் இல்லை.

1992இல் 'ரோஜா' வெளிவந்தது. கொழும்பிலிருந்து யாரோ ஒருவரின் பயணப் பையில் மறைந்து, கிளாலிக் கடலைக் கடந்து அந்தக் கசெற் எமது ஊரை அடைந்தது. யாரோ ஒரு புதிய பையன் இசையமைத்திருக்கிறான் என்றார்கள். மாமரத்தின் கீழ் பதினான்கு பேர் கூடினோம். மாறி மாறி மிதித்தோம். குண்டு வீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டால் சில்லை நிறுத்திவிட்டுப் பதுங்கு குழிக்கு ஓடவேண்டும். விமானம் போனபின் பாட்டு விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

அந்தப் பதினான்கு பேரில் இன்று எம்மோடு தொலைபேசியில் கதைப்பவர்கள் ஐந்து பேர். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வீதிக்கு வந்தபோது அந்தச் சைக்கிளில் அரிசி மூட்டையும் அம்மாவும் இருந்தார்கள். டைனமோ இருந்தது, வானொலிப் பெட்டி இருக்கவில்லை.

பரமட்டாப் பூங்காவில்

2010ஆம் ஆண்டு ஜனவரி மாதம், சிட்னி விழாவின் ஓர் அங்கமாக, பரமட்டாப் பூங்காவின் திறந்தவெளியில் ஏ.ஆர்.ரஹ்மானின் இசை நிகழ்ச்சி இலவசமாக நடைபெற்றது. முந்தைய ஆண்டில் அவர் இரு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றிருந்தார். அதே ஆண்டில் மெல்பேர்ணிலும் சிட்னியிலும் இந்திய மாணவர்கள் தாக்கப்பட்ட சம்பவங்கள் பெரும் மனக்கசப்பை உண்டாக்கியிருந்தன. நல்லெண்ணத்தை மீட்டெடுக்கும் ஒரு முயற்சியாகவும் அந்நிகழ்ச்சி கருதப்பட்டது.

போவதா வேண்டாமா என்று எமக்குள் பெரும் விவாதம் நடந்தது. 2009 மே கழிந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. எமது வீடுகளில் பாட்டு ஒலித்து நாளாயிற்று. பிறந்தநாள் கொண்டாட்டங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. சாவு வீட்டில் இருந்துகொண்டு சங்கீதம் கேட்கப் போவதா என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். வன்னியில் தன் தம்பியை இழந்த மற்றொரு நண்பர்தான் முடிவு சொன்னார். 'தம்பியும் நானும் சேர்ந்து மிதித்துக் கேட்ட பாட்டுகள். அவனுக்காக ஒரு தடவை முழுச் சுருதியில் கேட்டுவிட்டு வருவோம்.' அதற்கு மேல் எவரும் பேசவில்லை.

மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்கு ஏறக்குறைய தொள்ளாயிரம் கிலோமீற்றர். விடியப்புறம் புறப்பட்டோம். பூங்காவை அடைந்தபோது பல்லாயிரக்கணக்கான சனங்கள் புல்வெளியில் பாய் விரித்திருந்தார்கள். வென்ட்வேர்த்வில், டூன்காபி, ஹோம்புஷ் பகுதிகளிலிருந்து எம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். தமிழரும் தெலுங்கரும் பஞ்சாபியரும் வெள்ளையரும் ஒரே புல்லில் இருந்தார்கள். சாப்பாட்டுப் பொதிகள் பிரிக்கப்பட்டன. பாய் விரித்த புல்வெளியையும், தூங்கும் பிள்ளைகளையும், தூரத்து மேடையின் வெளிச்சத்தையும் பார்த்தபோது, கோயில் வீதியை யாரோ பெயர்த்துக் கொண்டுவந்து நியூ சவுத் வேல்ஸில் வைத்துவிட்டது போலிருந்தது.

இசை தொடங்கியது. பெரிய ஒலிபெருக்கிகளிலிருந்து அந்த ஒலி நெஞ்சில் வந்து மோதியது. எமது நண்பர் தன்னையறியாமல் வலது கையைச் சுற்றிக்கொண்டிருந்தார். முதலில் எமக்கு விளங்கவில்லை. விளங்கியபின் அவரது முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. பதினெட்டு ஆண்டுகளின் பின்னும் அந்தக் கை சைக்கிள் மிதியைத் தேடிக்கொண்டிருந்தது.

நினைவு குவியும் வயது

மனித நினைவை ஆராய்பவர்கள் ஒரு விடயத்தை உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். முதுமையில் ஒருவர் தன் வாழ்வை மீட்டுப் பார்க்கையில், ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலமே அதிகமாக நினைவுக்கு வருகிறது. இசையைப் பொறுத்தவரை இது மேலும் உண்மை. பதின்ம வயதில் கேட்ட பாட்டு எழுபது வயதிலும் அழியாது. மறதி நோயாளர்கள் பிள்ளைகளின் பெயரை மறந்த பின்னும் பழைய பாட்டின் அடியைப் பாடுவதை முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் எம்மவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள்.

புலம்பெயர்ந்தோர் விடயத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய முதியோரிடம் செய்யப்பட்டு 1998இல் வெளியான ஓர் ஆய்வு, பிந்திய வயதில் குடிபெயர்ந்தவர்களின் நினைவுகள் அவர்கள் நாடு மாறிய வயதைச் சுற்றியே குவிந்திருப்பதைக் காட்டியது. அதாவது, வாழ்க்கை எங்கே முறிந்ததோ அங்கேதான் நினைவு தடித்துப் போகிறது. எலும்பு முறிந்த இடத்தில் தடித்து வளர்வதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

எம்மவரில் பெரும்பாலானோருக்கு இந்த இரண்டும் ஒன்றாகவே நிகழ்ந்தன. இளமைப் பருவமும் நாடு விட்ட பருவமும் ஒரே பருவம். இந்நாட்டில் பிறந்து வளர்ந்த வெள்ளையர் ஒருவர் தமது இளமைக்காலப் பாடகரின் நிகழ்ச்சிக்குப் போய் ஆடிவிட்டு வரும்போது, தான் வாழ்ந்து முடித்த ஒன்றை மீண்டும் ஒருமுறை வாழ்ந்து பார்க்கிறார். நாம் ஆடும்போது, வாழ்ந்து முடிக்காத ஒன்றை வாழ்ந்து பார்க்கிறோம். மகள் கேட்ட கேள்விக்கு எமக்குத் தெரிந்த விடை இதுதான். பாட்டு பகிடிப் பாட்டு என்பதில் ஐயமில்லை. அதைப் பகிடியாகக் கேட்டு முடிக்க எமக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

கதிரை அடுக்கிய தம்பி

அன்றிரவு எமது பிள்ளைகளுக்கும் மனைவிமாருக்கும் தெரியாத மற்றொரு காட்சியையும் நாம் கண்டோம். மண்டபத்தின் பின்புறத்தில் தொண்டர்களாக ஐந்தாறு இளைஞர்கள் நின்றார்கள். கதிரை அடுக்குவது, ஒலிபெருக்கி தூக்குவது, குப்பை கட்டுவது யாவும் அவர்கள் பொறுப்பு. விரும்பிய பாடல் கேட்போர் துண்டில் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவித்தபோது, துண்டுகளைச் சேகரித்த ஒரு தம்பியிடம், 'நீரும் ஒன்று எழுதிக் கொடுமன்' என்று சொன்னோம். அவர் சிரித்தார்.

'எனக்கு எழுதப் பாட்டு ஒண்டும் இல்லை, அண்ணை. நீங்கள் எல்லாரும் பதினாறு வயசில கேட்ட பாட்டைக் கேக்கிறியள். எனக்குப் பதினாறு வயசு 2009. அந்த வருசம் பாட்டு இல்லை.'

அவர் முல்லைத்தீவுப் பக்கத்தைச் சேர்ந்தவர். பத்தொன்பது வயதில், 2012இன் பிற்பகுதியில், படகில் வந்தவர். அந்த ஆண்டு ஓகஸ்ட் 13ஆந் திகதிக்குப் பின் படகில் வந்தவர்களுக்கு விதிக்கப்பட்ட தனி நடைமுறையின் கீழ் அவருடைய விண்ணப்பம் ஆராயப்பட்டு நிராகரிக்கப்பட்டது. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த சுமார் பத்தொன்பதாயிரம் பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழி திறக்கப்பட்டபோது எமது சமூகம் மகிழ்ந்தது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் அந்த வாசலுக்கு வெளியிலேயே நின்றார்கள். இவர் அவர்களுள் ஒருவர். சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டிய விசாவில் இரவு வேலை செய்கிறார். தாயாரைக் கண்டு ஒரு தசாப்தத்துக்கு மேலாகிறது. வந்தபோது மீசை அரும்பியிருந்த முகத்தில் இப்போது நரை தென்படுகிறது.

எமது இளமை முறிந்துபோனது என்று நாம் கவலைப்பட்டுக் கொண்டிருந்தோம். எமக்கோ கோயில் வீதியும் மாமரத்து நிழலும் கைவசம் உள்ளன. திரும்பிப் போவதற்குப் பாட்டாவது இருக்கிறது. திரும்பிப் போக ஒரு பாட்டுக்கூட இல்லாத இளைஞர்கள் எமது மண்டபங்களிலேயே, எமது கதிரைகளையே அடுக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை அன்றுவரை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. இதை வெட்கத்துடன் எழுதுகிறோம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்

2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,404 பேர். ஐந்தாண்டுகளுக்கு முன் அத்தொகை 73,161. மண்டபங்கள் நிறைகின்றன. வாரம் தவறாமல் எங்கேனும் ஓர் இன்னிசை இரவு நடக்கிறது. இந்தியாவிலிருந்து பெரிய பாடகர்கள் வருகிறார்கள். அவர்களுக்காக நாம் தாராளமாகச் செலவிடுகிறோம். அதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் சங்கங்களை நடத்துவோர் மூன்று காரியங்களைச் செய்தால் நன்றாயிருக்கும் என்று எமக்குப் படுகிறது.

முதலாவது, எமது துள்ளிசையையும் மெல்லிசையையும் பாடியவர்களும் வாசித்தவர்களும் எம்மிடையே முதியவர்களாக வாழ்கிறார்கள். அவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதோடு நில்லாமல், உட்காரவைத்து அவர்கள் கதையைப் பதிவு செய்யவேண்டும். யார் மெட்டமைத்தார், எந்தக் கோஷ்டியில் யார் வாசித்தார், எந்தத் திருவிழாவில் முதலில் பாடப்பட்டது என்பனவெல்லாம் ஏட்டில் இல்லை. அவர்கள் தலையில் இருக்கின்றன. பேரப்பிள்ளையின் கைத்தொலைபேசி ஒன்றே இதற்குப் போதும்.

இரண்டாவது, பிள்ளைகளை இருட்டில் வைத்துப் பாட்டைக் கேட்கச் செய்யவேண்டாம். இந்தப் பாட்டு எங்கே பிறந்தது, அப்பா ஏன் அழுகிறார் என்பதை ஒரு பாட்டுக்கும் மறு பாட்டுக்கும் இடையில் இரண்டு நிமிடம் சொன்னால் போதும். அறிவிப்பாளர்கள் அனுசரணையாளரின் பெயரைப் பத்துத் தடவை சொல்வதில் இரண்டு தடவையைக் குறைத்தால் நேரம் கிடைக்கும்.

மூன்றாவதே முக்கியமானது. நிரந்தர விசா இல்லாத எமது தம்பிமாரைத் தொண்டுக்கு மாத்திரம் அழைக்கவேண்டாம். முன்வரிசையில் இடம் கொடுங்கள். சீட்டுக் காசு வாங்காதீர்கள். ஒலிவாங்கியையும் அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர்களுடைய வழக்கு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மேசைக்குப் போகவேண்டுமானால் உங்கள் கையெழுத்தும் கடிதமும் தேவை. இளமையை மீட்டுப் பார்க்கும் ஓர் இரவுக்கு நாம் செலவிடும் நான்கு மணி நேரத்தில் கால் மணி நேரம் அக்கடிதத்துக்குப் போதுமானது.

நிகழ்ச்சி பதினொன்றரைக்கு முடிந்தது. மகள் காரில் தூங்கிவிட்டாள். மறந்துவிட்ட குளிர்ச் சட்டையை எடுப்பதற்காக நாம் திரும்பவும் மண்டபத்துக்குள் போனோம். விளக்குகள் பாதி அணைந்திருந்தன. அந்தத் தம்பி தனியாகக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கும்போது வாய்க்குள் எதையோ பாடினார். காது கொடுத்துக் கேட்டோம். 'சின்ன மாமியே'தான். சுருதி சரியாக இல்லை. இரண்டாவது அடியில் சொற்களும் தெரியவில்லை. தாளத்தை மாத்திரம் கதிரையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்.

நாம் சட்டையைக் கொழுவி வைத்துவிட்டு, அடுத்த கதிரையைத் தூக்கினோம். இரண்டாவது அடியின் சொற்களைச் சொல்லிக் கொடுத்தோம்.